முகம் வந்துவிட்டது, கைப்பேசி வரவில்லை: எல்லை கடந்த உரிமையியல் வழக்குகளில் மின்னணுச் சாட்சியம்

சற்று நீண்ட பதிவு. சட்ட மாணவர்களும் சாட்சியச் சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்களும் பொறுமையாக வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

ஒரு வழக்கைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ரிச்சர்ட்ஸ் டவுனில் பூங்காவை ஒட்டிய தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு. தாய் காலமாகிவிட்டார். மகள் அந்த வீட்டிலேயே வசிக்கிறார். மகன் இருபது ஆண்டுகளாக டொராண்டோவில் இருக்கிறார். பாகப்பிரிவினை வழக்கு பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்துக்கு வருகிறது. வீடு சரிபாதி என்பதில் இருவருக்கும் மறுப்பில்லை. கூரையை மாற்றவும் தாயின் சிகிச்சைக்கும் மகன் அனுப்பிய பணம், கணக்கில் கழிக்க வேண்டிய கடனா, பிள்ளை பெற்றவளுக்குச் செய்த கடமையா என்பதில்தான் சண்டை.

மகனிடம் ஒரே ஒரு சான்று உண்டு. தாய் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாற்பது நொடிக் குரல் செய்தி. "நீ போட்ட காசு எங்கயும் போகாது கண்ணா, வீட்டுக் கணக்குல அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் தாய்.

இந்த 'பாத்துக்கலாம்' ஓர் உறுதிமொழியா, பேச்சைத் தள்ளிப்போடும் சொல்லா? நீதிமன்றத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்தால் அந்தச் சொல் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தமிழ் அறிந்த எவரும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் முடிவுசெய்வார். இறந்துபோன ஒருவர் தம் பொருள் நலனுக்கு எதிராகச் சொன்ன கூற்றைச் சாட்சியமாக ஏற்கலாம் என்ற விதி 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் முதலே நம்மிடம் இருக்கிறது. ஆகவே தாயின் சொல் நீதிமன்றத்துக்குள் வருவதற்குச் சட்டத்தின் கதவு திறந்தே இருக்கிறது. தடை வேறொரு இடத்தில் வருகிறது. அந்தக் குரல் இருப்பது டொராண்டோவில், மகனின் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியில்.

என் வாதம் இதுதான். எல்லை கடந்த வழக்குகளில் சாட்சியின் முகத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர நாம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டுவிட்டோம். சாட்சியின் கையில் உள்ள சாதனத்தைக் கொண்டுவர இன்னும் வழி காணவில்லை. அந்தக் குறையை ஒரு சான்றிதழைக் கேட்டு ஈடுகட்டப் பார்க்கிறோம். அதன் சுமையைத் தாங்குவோர் பெரும்பாலும் நிறுவனங்களாக இல்லாத எளிய வழக்காடிகள்.

முதலில் முகம் வந்த கதையைப் பார்ப்போம். அது இந்த நகரத்தின் கதை. 'இண்டிபென்டன்ஸ் டே' என்ற ஹாலிவுட் படம் 1996இல் வெளிவந்தது. அது தங்கள் திரைக்கதையிலிருந்து எடுக்கப்பட்டது என்று என்ஆர்ஐ ஃபிலிம் புரொடக்‌ஷன் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் பெங்களூரில் வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ். அமெரிக்காவில் இருந்த சாட்சிகளைக் காணொலி வழியாக விசாரிக்கலாமா என்ற கேள்வி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 2003இல் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் காணொலிச் சாட்சியத்தை ஏற்றது. அது குற்றவியல் வழக்கு. உரிமையியல் வழக்குக்கு எல்லை கடந்த காணொலி விசாரணையின் நடைமுறையை விரிவாக எழுதிவைத்த பெருமை கர்நாடகத்துக்கு உரியது.

அந்தத் தீர்ப்பு வகுத்த பாதுகாப்புகளை மாணவர்கள் ஒருமுறையாவது மூலத்தில் படிக்க வேண்டும். சாட்சி இன்னார்தான் என்பதற்குப் பிரமாணப் பத்திரம் வேண்டும். விசாரணையின்போது சாட்சி அறையில் தனியாக இருக்க வேண்டும். அதை நீதித்துறை நடுவரோ நோட்டரியோ உறுதிப்படுத்த வேண்டும். வழக்கில் தரப்பினர் அல்லாத சாட்சிக்குப் பிராது, எதிர்வாதவுரை, ஆவணங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். இரு முனைகளிலும் காட்சியைப் பதிவுசெய்ய வேண்டும். திரையில் தெரியும் சாட்சியின் நடத்தையைப் பற்றிய குறிப்பை எழுத வேண்டும். இந்திய நீதிமன்ற வேலை நேரத்திலேயே விசாரணை நடக்கும். நேர வேறுபாட்டைக் காரணம் காட்டக் கூடாது. செலவு வசதியைக் கேட்பவருடையது. இந்தக் கடைசி இரண்டையும் நம் டொராண்டோ மகனுக்குப் பொருத்திப் பாருங்கள். பெங்களூரில் காலை 11 மணி என்றால் அங்கே கோடையில் இரவு 1.30, குளிர்காலத்தில் 12.30. ஹாலிவுட் நிறுவனம் ஒன்றை முன்னிட்டு எழுதிய விதி, மாதச் சம்பளக்காரருக்கும் அப்படியே பொருந்துகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்த நடைமுறை பரவலானது. 2020 ஏப்ரல் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை அடுத்து, கர்நாடகம் உட்படப் பல மாநிலங்களின் உயர் நீதிமன்றங்கள் காணொலி விசாரணைக்கு விதிகளை வகுத்தன. அவற்றுக்கு அடிப்படையான மாதிரி விதிகள் உச்ச நீதிமன்றத்தின் மின்குழுவிடமிருந்து வந்தவை. சாட்சி வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரக அலுவலர் அந்த முனையின் ஒருங்கிணைப்பாளராக இருக்கலாம் என்கின்றன அவை. மறுமுனையில் உள்ள ஆவணத்தைக் காட்ட வேண்டுமானால், அதன் படத்தை மின்வழியில் அனுப்பி, சாட்சியும் ஒருங்கிணைப்பாளரும் கையொப்பமிட்ட தாளைக் கூரியரிலோ விரைவு அஞ்சலிலோ நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன. சாட்சி விசாரணையின் காணொலிப் பதிவைக் குறியாக்கம் செய்து, அதன் ஹாஷ் மதிப்புடன் வழக்குக் கட்டில் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை போன்ற எண்தொடர். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. சாட்சி பேசுவதைப் பதிந்த காணொலிக்கு நீதிமன்றமே ஹாஷ் எடுத்துப் பாதுகாக்கிறது. சாட்சியின் கைப்பேசியில் உள்ள குரலுக்கு ஹாஷ் எடுக்க மறுமுனையில் எவருக்கும் பொறுப்பில்லை. ஆவணம் என்றால் கையொப்பமிட்டு அஞ்சலில் அனுப்பக்கூடிய தாள் என்ற எண்ணத்தில் விதி எழுதப்பட்டுள்ளது. 2003இல் அது நியாயம். 2020இல் அது மறதி.

இந்த இடைவெளியை நிரப்ப நம் சட்டம் கேட்பது சான்றிதழ். அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டு உரிமையியல் சாட்சியச் சட்டத்தில் கணினிப் பதிவுகளுக்கென ஒரு பிரிவு இருந்தது. அந்தக் காலத்துக் கணினி, ஒரு நிறுவனத்தின் தனியறையில் பொறுப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில் இயங்கிய பெரும் இயந்திரம். அந்தப் பிரிவை இங்கிலாந்து 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவிட்டது. ஏறத்தாழ அதே வாசகத்தை நாம் 2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியே 65ஆ பிரிவாக எடுத்துக்கொண்டோம். அவர்கள் கழற்றிப்போட்ட சட்டையை நாம் புதிதென்று அணிந்தோம்.

பிறகு நீதிமன்றங்கள் இருபது ஆண்டுகள் தடுமாறின. 2005இல் நவ்ஜோத் சந்து வழக்கில் சான்றிதழ் இல்லாமலும் நிரூபிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2014இல் அன்வர் வழக்கில் கூடாது என்றது. 2018இல் ஷஃபி முகமது வழக்கில் சாதனம் தன் வசம் இல்லாதவருக்கு விலக்கு உண்டு என்றது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த விலக்கை நீக்கிச் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதிசெய்தது. அதே தீர்ப்பு இரண்டு சாளரங்களைத் திறந்தும் வைத்தது. சான்றிதழ் தர வேண்டியவர் மறுத்தால் நீதிமன்றத்தை அணுகி ஆணை பெறலாம். மூலச் சாதனத்தின் உரிமையாளரே சாட்சிக்கூண்டில் ஏறி, தகவல் முதலில் பதிவான சாதனம் இதுதான், இது என்னுடையது என்று நிரூபித்தால் சான்றிதழே வேண்டாம்.

இரண்டாவது சாளரம் நம் மகனுக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றும். கைப்பேசி அவருடையது. குரல் செய்தி வந்துசேர்ந்ததும் அதில்தான். ஆனால் அவருடைய சாட்சிக்கூண்டு இப்போது ஒரு திரை. திரையின் முன் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினால் அது மூலச் சாதனத்தை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தியதாகுமா? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கையில் வாங்கிப் பார்க்க முடியாது. நீதிபதி அதைச் சான்றாவணமாகக் குறியிட்டு வைத்துக்கொள்ள முடியாது. கூரியரில் அனுப்பிவிடலாமே என்று சொல்வது எளிது. வங்கிக் கணக்கும் அலுவலகமும் மருத்துவமனைச் சீட்டும் அந்தக் கருவியில்தான் இருக்கின்றன. பாகப்பிரிவினை வழக்கு முடியும் வரை அதை ஒருவர் எப்படிப் பிரிந்திருப்பார்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் இதைச் சரிசெய்திருக்கலாம். பாதி சரிசெய்தது. அதன் 57ஆம் பிரிவின் ஒரு விளக்கம், முறையான பாதுகாப்பிலிருந்து வரும் மின்பதிவு மறுக்கப்படாத வரையில் முதன்மைச் சாட்சியமே என்கிறது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். மறுபுறம் 63ஆம் பிரிவு சான்றிதழை முன்னைவிடக் கனமாக்கிவிட்டது. இப்போது படிவத்தில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் தாக்கல் செய்பவர் கையொப்பமிட வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர் கையொப்பமிட வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். யார் நிபுணர் என்பதை அந்தப் பிரிவு விளக்கவில்லை. டொராண்டோவில் உள்ள கணினித் தடயவியலாளர் ஒருவரின் கையொப்பம் போதுமா, இந்திய அரசு அறிவித்த ஆய்வகம்தான் தர வேண்டுமா என்ற கேள்வியோடு வழக்கறிஞர்கள் அலைய வேண்டியிருக்கிறது.

ஹாஷைப் பற்றியும் மாணவர்கள் ஒரு மயக்கத்திலிருந்து விடுபட வேண்டும். ஹாஷ் எடுத்த கணத்துக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அதற்கு முன் என்ன நடந்தது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வெட்டி ஒட்டிய ஒலிக்கோப்புக்கும் பிழையற்ற ஹாஷ் கிடைக்கும். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்தால் கிடைப்பது எவரும் திருத்தக்கூடிய சாதாரண எழுத்துக்கோப்பு. போதாக்குறைக்குச் சான்றிதழ்ப் படிவம் எம்டி5, எஸ்எச்ஏ-1 ஆகிய முறைகளையும் அனுமதிக்கிறது. எஸ்எச்ஏ-1 முறையில் வெவ்வேறான இரண்டு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வரச்செய்ய முடியும் என்பதைக் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் 2017இல் செய்தே காட்டின. எம்டி5 அதற்கும் முன்பே உடைந்தது. 2023இல் இயற்றிய சட்டத்தின் படிவத்தில் இவை இடம்பெற்றிருப்பது வருந்தத்தக்கது.

செய்தியை நேரடியாக நிறுவனத்திடமே கேட்டுப் பெறலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வாட்ஸ்அப் செய்திகள் இரு முனைகளுக்கிடையே குறியாக்கம் செய்யப்படுபவை. அவற்றின் உள்ளடக்கத்தை நிறுவனத்தாலேயே படிக்க முடியாது. சேர்ந்துவிட்ட செய்தியைத் தன் வழங்கியில் அது வைத்திருப்பதுமில்லை. மின்னஞ்சல் போன்றவற்றில் உள்ளடக்கம் நிறுவனத்திடம் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சேமித்த தகவல்தொடர்புச் சட்டம், உரிமையியல் வழக்கின் அழைப்பாணைக்காக உள்ளடக்கத்தை வெளியிட நிறுவனங்களை அனுமதிப்பதில்லை. வெளிநாட்டு வழக்குகளுக்குச் சாட்சியம் திரட்ட அமெரிக்க நீதிமன்றங்கள் உதவும் வழி ஒன்று உண்டு. அதுவும் இந்தத் தடையைத் தாண்டாது. சுற்றிச் சுற்றி வந்தாலும் கணக்கின் உரிமையாளரிடமும் அவர் கையிலுள்ள சாதனத்திடமும்தான் வந்து நிற்க வேண்டும்.

பன்னாட்டு ஒப்பந்தங்கள் உதவாவா? 1970ஆம் ஆண்டு ஹேக் சாட்சிய ஒப்பந்தத்தில் இந்தியா 2007இல் சேர்ந்தது. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா, இலங்கை ஆகியவையும் அதில் உள்ளன. ஒரு நாட்டு நீதிமன்றம் கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் மற்ற நாட்டு நீதிமன்றம் சாட்சியம் திரட்டித் தரும். ஐக்கிய அரபு அமீரகத்துடன் நமக்கு 1999இல் கையெழுத்தான தனி ஒப்பந்தம் இருக்கிறது. கனடா ஹேக் சாட்சிய ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே நீதிமன்றங்களுக்கிடையேயான நல்லெண்ணத்தை நம்பித்தான் கடிதம் அனுப்ப வேண்டும். ஈழத்தமிழரும் இந்தியத் தமிழரும் இவ்வளவு பேர் வாழும் நாட்டோடு நமக்குள்ள ஏற்பாடு இதுதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் கீழ் காணொலியைப் பயன்படுத்தலாம் என்று ஹேக் மாநாட்டு அமைப்பு 2020இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்கள் சாட்சியக் கோரிக்கைகளை மின்வழியில் பரிமாறிக்கொள்ள 2020இல் ஒழுங்குமுறை இயற்றி, 2022 முதல் செயல்படுத்துகிறது. இவையெல்லாம் கோரிக்கையின் பயணத்தை விரைவாக்குகின்றன. கைப்பேசியை யார் வாங்கி, யார் முன்னிலையில் திறந்து, எதை மட்டும் எடுப்பது என்ற சிறிய கேள்விக்கு வழக்கை நடத்தும் நாட்டின் விதிதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதில் நம் பழைய நடைமுறையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. இந்தக் கன்டோன்மென்ட் பகுதிக்கு எல்லை கடந்த வழக்கு புதிதல்ல. 1881இல் மைசூர் உடையார்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோதும், ரிச்சர்ட்ஸ் டவுன் உள்ளிட்ட சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் ஆளுகையில் தனியாகவே இருந்தது. 1947 ஜூலையில்தான் அது மைசூருடன் சேர்ந்தது. ஒரே நகரத்துக்குள் இரண்டு ஆட்சிகள் இருந்தன; மைசூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு சென்னையில் அந்நிய நாட்டுத் தீர்ப்பாகக் கருதப்பட்டது. 1942இல் காலமான பெங்களூரு ஒப்பந்ததாரர் ஒருவரின் உயிலைப் பற்றிய சண்டை இங்கும் சென்னையிலும் நடந்து, 1962இல் விஸ்வநாதன் எதிர் ருக்ன்-உல்-முல்க் சையத் அப்துல் வாஜித் என்ற தீர்ப்பாக உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்நிய நாட்டுத் தீர்ப்பின் செல்லுபடியைப் பேசும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவைக் கற்பிக்கும்போது இன்றும் அதைச் சொல்லித்தருகிறோம்.

தொலைவில் உள்ள சாட்சியையும் பொருளையும் கையாள அந்தக் காலத்து நீதிமன்றத்துக்கு ஒரு கருவி இருந்தது. அதன் பெயர் கமிஷன். நீதிமன்றம் ஆணையர் ஒருவரை அனுப்பும். அவர் நேரில் பார்த்து, எழுதி, அறிக்கை தருவார். அந்த ஏற்பாடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 75ஆம் பிரிவு தொழில்நுட்ப ஆய்வுக்கும் ஆணையரை அமர்த்தலாம் என்கிறது. 26ஆம் கட்டளையின் 10அ விதி, நீதிமன்றத்தில் வசதியாகச் செய்ய முடியாத அறிவியல் ஆய்வை ஆணையரிடம் ஒப்படைக்க இடமளிக்கிறது. காணொலி வந்ததும் ஆணையரை நாம் மறந்துவிட்டோம். தொலைவுக்கு நீதிமன்றம் இப்போது தன் கண்ணை அனுப்புகிறது, கையை அனுப்புவதில்லை.

ஆகவே நான் முன்வைப்பவை நான்கு.

முதலாவது, சண்டை உண்மையிலேயே எதில் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். குரல் தாயினுடையது அல்ல என்று மகள் சொல்கிறாரா? செய்தி வெட்டப்பட்டது என்கிறாரா? அல்லது 'பாத்துக்கலாம்' என்பதற்குப் பொருள் வேறு என்கிறாரா? மூன்றாவதுதான் அவர் வாதம் என்றால் சான்றிதழுக்கே தேவை எழாது. ஒப்புக்கொண்ட உண்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம், ஆவணத்தை மறுப்பவர் எதை மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்கிறது. வெறும் மறுப்பை அது ஏற்பதில்லை. இந்த ஒழுக்கத்தைச் சாதாரண உரிமையியல் வழக்குகளுக்கும் நீட்டிக்க வேண்டும். இலங்கையின் 1995ஆம் ஆண்டுச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம், கணினிச் சாட்சியத்தைக் கொண்டுவருபவர் விசாரணைக்கு 45 நாட்கள் முன்னதாக எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும் என்றும், அறிவிப்புப் பெற்றவர் இயந்திரத்தைப் பார்வையிட அனுமதி கேட்கலாம் என்றும் விதித்தது. அதைக் கடுமையான சட்டம் என்று அங்குள்ளோர் விமர்சித்ததுண்டு. ஆனாலும் 'முன்கூட்டியே சொல், பார்க்க விடு' என்ற அதன் அடிப்படை நியாயமானது.

இரண்டாவது, மறுப்பு உண்மையானது என்றால் சாதனத்துக்கு ஆணையரை அமர்த்த வேண்டும். காணொலி விதிகளில் ஆவணம் காட்டும் விதியோடு ஒரு துணைவிதியைச் சேர்த்தாலே போதும். மறுமுனையில் ஒருங்கிணைப்பாளர் முன்னிலையில், இரு தரப்பும் திரையில் பார்த்திருக்க, ஆணையர் கைப்பேசியைத் திறந்து, குறிப்பிட்ட உரையாடலின் மூலக்கோப்பை மட்டும் நகலெடுத்து, அங்கேயே ஹாஷ் கணித்து, அதை நீதிபதியின் காதில் விழும்படி படிக்க வேண்டும். அந்த எண் சாட்சியின் வாக்குமூலத்திலேயே பதிவாகிவிடும். கோப்பின் தேதியையும் நேரத்தையும் இரு நாட்டுக் கணக்கிலும் குறிக்க வேண்டும். டொராண்டோவின் மாலை பெங்களூரின் மறுநாள் காலை என்பதால் காலவரையறைக் கணக்கே இதில் மாறக்கூடும். தம் சாதனத்தைத் தாமாகத் தருபவர் தரப்பினரே என்பதால் இதற்குப் பிற நாட்டின் கட்டாய அதிகாரம் தேவைப்படாது. மூன்றாம் தரப்பினரின் சாதனம் என்றால் கோரிக்கைக் கடிதம்தான் வழி.

மூன்றாவது, சான்றிதழின் இரண்டாம் பகுதியில் கையொப்பமிடும் நிபுணர் யார் என்பதை உயர் நீதிமன்றங்கள் நடைமுறை அறிவிப்பால் தெளிவாக்க வேண்டும். நீதிமன்றம் அமர்த்தும் ஆணையரின் அறிக்கையே நிபுணர் கையொப்பமாகக் கருதப்பட வேண்டும். உடைந்த ஹாஷ் முறைகளை இனி ஏற்கக் கூடாது.

நான்காவது, செலவு. ஒரே ஆணையர் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தால் செலவு பாதியாகும். காரணமின்றி மறுத்தவர் அந்தச் செலவை ஏற்க வேண்டும். மின்னீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் ஒன்றிய அரசு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. இப்படியொரு முனைக்கு அதில் இடம் இருக்க வேண்டும்.

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சான்றிதழையே ஒழித்துவிடலாமே, சிங்கப்பூர் 2012இல் பழைய கணினி நிபந்தனைகளை நீக்கி அனுமானங்களுக்கு மாறிவிட்டதே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தயக்கம் இருக்கிறது. இங்கிலாந்து குற்றவியல் வழக்குகளில் கணினிச் சாட்சிய நிபந்தனையை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியபின், கணினி சரியாகவே இயங்கியது என்பது நீதிமன்றத்தின் அனுமானமாயிற்று. அந்த அனுமானத்தின் நிழலில், ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளின் பிழைகளுக்காக 900க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். மென்பொருளில் பிழை இருந்ததை வெளிக்கொணர்ந்தது 2019இல் வந்த ஓர் உரிமையியல் தீர்ப்பு. குரலைப் போலியாக உருவாக்கும் கருவிகள் எவர் கைக்கும் எட்டும் இக்காலத்தில் சோதனையே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. சோதனை வேண்டும். அது தாளைச் சோதிப்பதாக இல்லாமல் பொருளைச் சோதிப்பதாக இருக்க வேண்டும்.

அந்தரங்க உரிமை பற்றிய அச்சமும் நியாயமானது. ஒருவரின் கைப்பேசியைத் திறப்பது அவர் வீட்டைத் திறப்பதற்கு ஒப்பாகும். 2017இல் புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றம் இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் முழுச் சாதனத்தையும் நகலெடுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆணையருக்குத் தரும் ஆணையில் எந்த உரையாடல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற வரம்பு இருக்க வேண்டும். தாமதம் ஏற்படும் என்பது மூன்றாவது எதிர்வாதம். சான்றிதழ் குறைபாட்டைப் பற்றிய மனுக்களும் மேல்முறையீடுகளும் இன்று தின்னும் காலத்தோடு ஒப்பிட்டால், ஒரு பிற்பகலில் முடியும் இந்தப் பணி தாமதமாகாது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வரிசைப்படுத்தி எழுதும் கட்டுரைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. மாவட்ட, நகர உரிமையியல் நீதிமன்றங்களின் இடைக்கால ஆணைகளை யாரும் தொகுப்பதில்லை. மறுமுனையில் உள்ள கைப்பேசியைக் காட்ட அனுமதி கேட்டபோது ஒரு மாவட்ட நீதிபதி என்ன செய்தார் என்பது அங்கேதான் இருக்கிறது. மின்னீதிமன்ற இணையதளத்தில் அவை கிடைக்கின்றன. கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். இரண்டு பேர் சேர்ந்தால் ஓராண்டில் ஒரு நல்ல தொகுப்பு உருவாகிவிடும். நான் உடன் உழைக்க அணியமாக இருக்கிறேன்.

அந்தத் தாயின் நாற்பது நொடிக் குரலுக்குத் திரும்புகிறேன். அதைக் கேட்டபின் நீதிபதி மகனுக்குச் சாதகமாகவும் முடிவுசெய்யலாம், மகளுக்குச் சாதகமாகவும் முடிவுசெய்யலாம். 'பாத்துக்கலாம்' என்ற சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. எப்படித் தீர்ப்பு வந்தாலும் அது அந்தக் குரலைக் கேட்டு வந்ததாக இருக்க வேண்டும். டொராண்டோவில் எந்த நிபுணர் எந்தப் படிவத்தில் கையொப்பமிட்டார் என்ற கேள்வியில் வழக்கு தோற்றுப்போனால், பிள்ளைகள் இருவருக்குமே அது நீதியாக இராது.

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு